மேனேஜ்மென்ட் எஞ்சினை முடக்கிய கணினி எப்படித் துவங்குகிறது

என்னுடைய மேசைக் கணினியின் பவர் பொத்தானை அழுத்தினால், மின்விசிறி சுழலத் தொடங்கிய மூன்று நான்கு விநாடிகளுக்குள் தாய்ப்பலகைத் தயாரிப்பாளரின் சின்னம் திரையில் வந்துவிடும். பல ஆண்டுகளாகப் பழகிப்போன அந்தக் கால அளவு எவ்வளவு துல்லியமாக மனத்தில் பதிந்திருக்கிறது என்பதை அது தவறிய நாளில்தான் உணர்ந்தேன். பலகையின் ஃபிளாஷ் சில்லில் இருந்த இன்டெல் மேனேஜ்மென்ட் எஞ்சினின் ஃபர்ம்வேரில், அதாவது வன்பொருளோடு சேர்ந்து வரும் அடிப்படை நிரலில், பெரும்பகுதியை நீக்கிவிட்டு முதன்முறையாகப் பொத்தானை அழுத்தியபோது, மின்விசிறி சுழன்றது, நின்றது, மறுபடியும் சுழன்றது; திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது. பலகையைக் கெடுத்துவிட்டேன் என்றே முடிவுகட்டி மின்னிணைப்பைத் துண்டிக்கக் கையை நீட்டிய வேளையில் சின்னம் தோன்றியது. அதன்பின் லினக்ஸ் வழக்கம்போல் ஏறியது, இணையம் கிடைத்தது, ஒலி வந்தது, குறையென்று எதுவும் கண்ணில் படவில்லை. ஆனால் அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் அதே கறுப்புத் திரை, அதே காத்திருப்பு, பத்து விநாடிக்கும் மேல்.

அந்த விநாடிகளில் உள்ளே என்ன நடக்கிறது என்று தேடப் போனதில், கணினியின் துவக்கத்தைப் பற்றி நான் படித்து வைத்திருந்ததில் ஒரு பெரிய பகுதி விடுபட்டிருந்தது தெரியவந்தது. மின்சாரம் வந்ததும் மையச் செயலி விழித்தெழுந்து பயாஸ் என்ற துவக்க நிரலின் முதல் கட்டளையைப் படிக்கிறது, பயாஸ் நினைவகத்தைத் தயார் செய்கிறது, பிறகு வட்டிலிருந்து இயங்குதளம் ஏறுகிறது என்றுதான் நாம் படித்திருக்கிறோம். பழைய கணினிகளுக்கு அது முழு உண்மை. கடந்த பதினைந்து ஆண்டுகளில் வந்த இன்டெல் கணினிகளில், மையச் செயலி விழிப்பதற்கு முன்பே, அதைப் பிற பாகங்களோடு இணைக்கும் சிப்செட்டுக்குள் இருக்கும் வேறொரு சிறிய செயலி விழித்து, தன்னுடைய நிரலை ஃபிளாஷ் சில்லிலிருந்து படித்து, சரிபார்த்து, வேலையைத் தொடங்கிவிடுகிறது. நாம் பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் பெயரைப் பார்த்து வாங்கும் செயலி, அந்தச் சிறிய செயலி அனுமதித்த பிறகே எழுகிறது.

மேனேஜ்மென்ட் எஞ்சின் என்ற இந்தத் துணைச்செயலியை இன்டெல் 2006-இல் 965 வரிசைச் சிப்செட்டுகளில் கொண்டுவந்தது. நிறுவனங்கள் தங்களிடமுள்ள நூற்றுக்கணக்கான கணினிகளைத் தொலைவிலிருந்தே நிர்வகிப்பதற்கான ஆக்டிவ் மேனேஜ்மென்ட் டெக்னாலஜி என்ற வசதிக்கு அது அடித்தளமாக இருந்தது. தொடக்கத்தில் ஏஆர்சி வகைச் செயலியும் திரெட்எக்ஸ் என்ற சிறு இயங்குதளமும் அதில் இருந்தன. 2015-இல் ஸ்கைலேக் தலைமுறையோடு வந்த 11-ஆம் பதிப்பில் எக்ஸ்86 வகைச் செயலிக்கும் மினிக்ஸை அடிப்படையாகக் கொண்ட இயங்குதளத்துக்கும் மாறினார்கள். மினிக்ஸை உருவாக்கிய பேராசிரியர் ஆண்ட்ரூ டானன்பாம் 2017-இல் இன்டெலுக்கு ஒரு திறந்த மடல் எழுதி, தம்முடைய இயங்குதளம் இப்படி உலகெங்கும் பரவியிருப்பதை ஒரு வார்த்தை தமக்குத் தெரிவித்திருக்கலாம் என்று குறிப்பிட்டார். உருவாக்கியவருக்கே தெரியாமல் அவருடைய படைப்பு நம் மேசைகளில் இயங்கிக்கொண்டிருந்தது என்றால், அந்த மேசைகளுக்கு உரிய நமக்கு யார் சொல்லியிருக்கப் போகிறார்கள்?

தொலைநிர்வாக வசதி இல்லாத வீட்டுக் கணினிகளிலும் இந்த எஞ்சின் உண்டு. மின்னிணைப்பு இருக்கும்வரை, கணினி அணைந்திருக்கும் நேரத்திலும் அது உயிரோடு இருக்க முடியும். மைய நினைவகத்தில் ஒரு பங்கைத் தனக்கென எடுத்துக்கொள்கிறது, இயங்குதளத்தால் அந்தப் பங்கைப் பார்க்க முடியாது. தொலைநிர்வாகம் உள்ள கணினிகளில் வலையமைப்பு அட்டையோடும் அதற்கு நேரடித் தொடர்பு உண்டு. 2017-ஆம் ஆண்டு மே 1 அன்று இன்டெலே அறிவித்த ஒரு குறைபாடு இதன் ஆபத்தை யாருக்கும் புரியும்படி காட்டியது: தொலைநிர்வாகம் செயல்பாட்டில் இருக்கும் கணினியில் கடவுச்சொல்லுக்கான மறுமொழி இடத்தை வெறுமையாக அனுப்பினால் உள்ளே விட்டுவிடும். 6-ஆம் பதிப்பு முதல் 11.6 வரை பல ஆண்டுகளின் ஃபர்ம்வேர்களில் அந்தக் குறை இருந்தது. என் மேசைக் கணினியின் பலகைக்கு அதன் தயாரிப்பாளர் அப்போது புதுப்பிப்பு எதையும் வெளியிடவில்லை. ஆதரவுக் காலம் முடிந்துவிட்டது என்றார்கள். அந்த எஞ்சினை முடக்கிவிட வேண்டும் என்ற எண்ணம் எனக்குள் வேர்விட்டது அன்றைக்குத்தான்.

முடக்குவது என்றால் அந்தப் பகுதியை ஃபிளாஷ் சில்லிலிருந்து அழித்துவிடலாமே என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். 2008-ஐ ஒட்டி வந்த திங்க்பேட் எக்ஸ்200, டி400 போன்ற மடிக்கணினிகளில் அது சாத்தியம். கட்டற்ற துவக்க நிரலைத் தரும் லிப்ரேபூட் திட்டம் அவற்றில் மேனேஜ்மென்ட் எஞ்சினின் பகுதியை அடியோடு நீக்கிவிடுகிறது, கணினியும் அது இல்லாமலே துவங்குகிறது. ஆனால் அதற்கடுத்த நெஹலம் தலைமுறையிலிருந்து வழி அடைபட்டுவிட்டது. ஃபர்ம்வேர் இல்லாமலோ அதில் இன்டெல் இட்ட மின்னணுக் கையொப்பம் செல்லாமலோ இருந்தால், சில பலகைகள் துவங்கவே மறுக்கின்றன; துவங்குபவையும் சரியாக 30 நிமிடங்களில் தாமாகவே அணைந்துவிடுகின்றன. நாம் என்ன வேலையில் இருந்தாலும், சேமித்திருந்தாலும் சேமிக்காவிட்டாலும், எச்சரிக்கை ஏதுமின்றி மின்சாரம் போனதுபோல் நின்றுவிடும்.

இந்த 30 நிமிடக் கெடுவைத் தாண்டும் வழி 2016-இல் கிடைத்தது. டிரம்மெல் ஹட்சன் என்ற ஆய்வாளர் தம்முடைய திங்க்பேட் எக்ஸ்230 மடிக்கணினியில், மேனேஜ்மென்ட் எஞ்சினின் பகுதி தொடங்குகிற முதல் 4 கிலோபைட் பக்கத்தை மட்டும் அழித்துப் பார்த்தார். உள்ளே என்னென்ன பிரிவுகள் எங்கெங்கே இருக்கின்றன என்று சொல்லும் அட்டவணை அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. அட்டவணை போன பிறகும் கணினி துவங்கியது, 30 நிமிடங்கள் கடந்த பிறகும் அணையவில்லை. அந்தக் கண்டுபிடிப்பின் மேல் நிக்கோலா கோர்னா கட்டியதுதான் எம்இ கிளீனர் என்ற பைதான் நிரல். எந்தெந்தப் பிரிவுகளை நீக்கலாம், எதைத் தொடக்கூடாது என்பதை அவரும் ஃபெடெரிக்கோ அமெடியோ இட்ஸோவும் பலவகைக் கணினிகளில் சோதித்து வரையறுத்தார்கள். தங்கள் கணினியைப் பணயம் வைத்து அதை இயக்கிப் பார்த்து, துவங்கியதா இல்லையா என்று எழுதி அனுப்பிய எத்தனையோ பேரின் உழைப்பும் அந்த நிரலுக்குப் பின்னால் இருக்கிறது. அவர்கள் அனைவருக்கும் நான் கடன்பட்டிருக்கிறேன்.

கையொப்பமிட்ட ஃபர்ம்வேரில் பெரும்பகுதியை வெட்டி எறிந்த பிறகும் அந்தச் செயலி ஏன் அதை ஏற்றுக்கொள்கிறது என்பது எனக்கு நெடுநாள் விளங்காமல் இருந்தது. விடை, கையொப்பம் எதன்மீது இடப்பட்டிருக்கிறது என்பதில் இருக்கிறது. ஃபர்ம்வேர் முழுவதையும் ஒரே பொருளாகக் கொண்டு இன்டெல் கையொப்பமிடுவதில்லை. எஃப்டிபிஆர் என்ற அடிப்படைப் பிரிவின் தலைப்பில் ஒரு பட்டியல் உண்டு. அந்தப் பிரிவிலுள்ள ஒவ்வொரு தொகுதியின் பெயரும் அதற்குரிய ஹாஷ் மதிப்பும் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற எண்) அதில் எழுதப்பட்டிருக்கும். கையொப்பம் அந்தப் பட்டியலின் மீதுதான். சிப்செட்டுக்குள் அழிக்க முடியாதபடி பதித்திருக்கும் சிறு நிரல் முதலில் அந்தக் கையொப்பத்தைச் சரிபார்க்கிறது; அதன்பின் ஒவ்வொரு தொகுதியையும் ஏற்றும் தருணத்தில்தான் அதன் ஹாஷைப் பட்டியலோடு ஒப்பிடுகிறது. ஆகவே பட்டியலைத் தொடாமல் விட்டுவிட்டு, முதலில் ஏற்றப்படும் தொகுதிகளையும் அப்படியே விட்டுவிட்டு, பின்னால் வரவேண்டியவற்றை மட்டும் நீக்கினால், துவக்கத்தின் முதற்கட்டம் தடையின்றி முடிகிறது. பிறகு அடுத்த தொகுதியைத் தேடுகிறது; கிடைக்கவில்லை; அங்கேயே நின்றுவிடுகிறது. அதற்குள் 30 நிமிடக் கெடு நீக்கப்பட்டுவிடுகிறது, மையச் செயலியும் விழித்துவிடுகிறது. 

6 முதல் 10 வரையிலான பதிப்புகளில் இப்படி எஞ்சி நிற்பவை இரண்டே தொகுதிகள். அவற்றில் முதன்மையானது பியுபி என்று சுருக்கமாக அழைக்கப்படுவது, அதாவது வன்பொருளை எழுப்பும் தொகுதி. 11-ஆம் பதிப்பில் அதனோடு சேர்த்து, எஞ்சினின் இயங்குதளக் கருநிரல் (கெர்னல்), அதற்கான நூலகம் ஆகியவையும் தங்கிவிடுகின்றன. எக்ஸ்230-இல் ஏறத்தாழ 5 மெகாபைட் பரப்பை அடைத்துக்கொண்டிருந்த எஞ்சின் பகுதி, வெட்டிக் குறுக்கிய பிறகு 100 கிலோபைட்டுக்கும் குறைவாகச் சுருங்கிவிடுகிறது. துவக்கத்துக்கு இன்றியமையாதது எவ்வளவு, நம்மைக் கேட்காமல் நமக்காகச் சேர்க்கப்பட்டது எவ்வளவு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் அளவுகோல் ஒன்று இருப்பதாக நான் நினைக்கவில்லை.

மேசைக் கணினியைத் தொடுவதற்கு முன் எக்ஸ்230 மடிக்கணினி ஒன்றில்தான் பழகினேன். அதில் 8 மெகாபைட், 4 மெகாபைட் என இரண்டு ஃபிளாஷ் சில்லுகள், விசைப்பலகையையும் கைத்தாங்கியையும் கழற்றினால் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இருக்கின்றன. இரண்டும் சேர்ந்து கணினிக்கு 12 மெகாபைட் பரப்பாகத் தோன்றும். முதல் 4 கிலோபைட்டில் பகுதிகளின் எல்லைகளைச் சொல்லும் விவரிப்புப் பகுதி, அடுத்து வலையமைப்பு அட்டைக்கான 8 கிலோபைட், அதன்பின் மேனேஜ்மென்ட் எஞ்சின், கடைசி 7 மெகாபைட்டில் பயாஸ். எஞ்சின் பகுதியை இயங்கும் கணினியிலிருந்து படிக்கவோ எழுதவோ விவரிப்புப் பகுதியே தடை போட்டிருக்கும் என்பதால், எட்டுக் கால்களைக் கவ்வும் கிளிப் ஒன்றை வெளியிலிருந்து மாட்டித்தான் வேலை செய்ய வேண்டும். கணினியின் மின்கலத்தையும் மின்னிணைப்பையும் நீக்கியிருக்க வேண்டும்.

இதில் இறங்க நினைப்பவர்களுக்கு என் அனுபவத்திலிருந்து இரண்டு செய்திகளை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். மலிவாகக் கிடைக்கும் கறுப்பு நிற சிஎச்341ஏ புரோகிராமர், அதாவது சில்லைப் படித்து எழுதும் கருவி, சில்லுக்கு 3.3 வோல்ட் மின்சாரம் தந்தாலும், தரவுக் கால்களில் 5 வோல்ட்டைச் செலுத்தும் வடிவமைப்புக் கொண்டது. அதைத் திருத்தாமல் பயன்படுத்துவது நல்லதன்று. நான் ராஸ்பெரி பை என்ற சிறு கணினியின் கால்களிலிருந்து நேரடியாகக் கம்பி இழுத்து, சில்லைப் படித்து எழுதும் ஃபிளாஷ்ராம் நிரலைப் பயன்படுத்தினேன். அடுத்தது, சில்லில் உள்ளதை ஒருமுறை படித்துவிட்டு அதை நம்பிவிடக் கூடாது. என்னுடைய முதல் மூன்று வாசிப்புகளும் ஒன்றுக்கொன்று வேறுபட்ட ஹாஷைத் தந்தன. கிளிப் ஒரு மயிரிழை சாய்ந்து உட்கார்ந்திருந்தது. அந்த நிலையில் எழுதியிருந்தால் திரும்பிச் செல்ல மூலப் பிரதியே என்னிடம் இருந்திருக்காது. கிளிப்பைக் கழற்றி, கால்களைத் துடைத்து, மறுபடி மாட்டி, தொடர்ந்து மூன்று வாசிப்புகள் ஒன்றுபோல் வந்த பிறகே அடுத்த அடியை எடுத்து வைத்தேன்.

எக்ஸ்230-இல் எஞ்சினைக் குறுக்கியதோடு, பயாஸுக்குப் பதிலாகக் கோர்பூட் என்ற திறந்த மூலத் துவக்க நிரலையும் ஏற்றினேன். பொத்தானை அழுத்தியதும் தயக்கமில்லாமல் துவங்கியது. ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் என்று விட்டுப் பார்த்தேன், அணையவில்லை. நிலையைக் காட்டும் கருவி, எஞ்சினின் ஃபர்ம்வேர் துவக்கம் நிறைவடையவில்லை என்றும், அது எழுப்பும் கட்டத்திலேயே நிற்கிறது என்றும் தெரிவித்தது. அந்த வரியைத் திரையில் கண்டபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை. 

அந்தத் துணிச்சலில்தான் மேசைக் கணினிக்கு வந்தேன், பத்து விநாடிக் காத்திருப்பில் மாட்டிக்கொண்டேன். அதன் பயாஸ் மூடிய நிரல். உள்ளே பார்க்க வழியில்லை. ஆனால் கோர்பூட்டின் மூலநிரல் எல்லோரும் படிக்கத் திறந்திருக்கிறது. அதே காலத்துச் சிப்செட்டுக்கு அது என்ன செய்கிறது என்று படித்தபோது என் கேள்விக்கு விடை கிடைத்தது. பயாஸும் மேனேஜ்மென்ட் எஞ்சினும் துவக்கத்தின்போது ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. நினைவகத்தைத் தொடுவதற்கு முன், எஞ்சின் தயாராக இருக்கிறதா என்று பயாஸ் அதன் நிலைப் பதிவேட்டை, அதாவது எஞ்சின் தன் நிலையைக் குறித்து வைக்கும் சிறு நினைவிடத்தை, பார்க்கிறது. குறிப்பிட்ட கால இடைவெளியில் திரும்பத் திரும்பப் பார்த்து, ஒரு வரம்பு கடந்தால்தான் கைவிடுகிறது. நினைவகம் தயாரானதும், "நினைவகம் ஆயிற்று, உனக்குரிய பங்கு இந்த இடத்தில் இருக்கிறது" என்று எஞ்சினுக்குச் செய்தி அனுப்புகிறது. அதற்கு எஞ்சின் ஒப்புகை தர வேண்டும். அந்த ஒப்புகை வெறும் தலையசைப்பன்று: துவக்கத்தைத் தொடரலாம் என்றோ, மீட்டமை என்றோ, மின்சாரத்தையே ஒருமுறை நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கு என்றோ பயாஸுக்கு அது கட்டளையிடலாம்.

மின்விசிறி ஏன் நின்று மறுபடி சுழன்றது என்பது இதைப் படித்தபோது எனக்குப் பிடிபட்டது. எஞ்சின் தரப்பிலிருந்து எதிர்பார்த்த நிலை கிடைக்காதபோது மின்சாரத்தை ஒரு சுற்று நிறுத்தித் தொடங்கிப் பார்ப்பது பலகைகளில் காணப்படும் நடத்தைதான். பழுதின் அறிகுறி என்று நான் பயந்தது அந்த உரையாடலின் ஒரு பகுதி. காத்திருப்புக்கும் அதே விளக்கம் பொருந்துகிறது. எக்ஸ்230-இல் நான் ஏற்றிய கோர்பூட் எஞ்சினின் நிலையைப் பார்த்துவிட்டுக் குறுகிய வரம்புக்குள் முன்னே சென்றுவிடுகிறது. மேசைக் கணினியின் பயாஸை எழுதியவர்கள், எஞ்சின் பதில் சொல்லாமல் போகும் நிலை ஒன்று வரும் என்று கருதியிருக்கவில்லை. அந்தப் பயாஸ் கேட்கிறது, பதில் இல்லை, மறுபடி கேட்கிறது, கால வரம்பு தீரும்வரை நிற்கிறது, பிறகு அடுத்த கேள்விக்குப் போய் அங்கேயும் நிற்கிறது. அந்த விநாடிகளைக் கூட்டினால் என் கறுப்புத் திரை.

இயங்குதளத்திலும் இதன் எதிரொலி உண்டு. எஞ்சினோடு பேசுவதற்கென லினக்ஸில் எம்இஐ என்ற இயக்கி இருக்கிறது. அதுவும் வன்பொருள் தயாராகக் காத்திருந்து, தோற்று, லினக்ஸ் கருநிரலின் நிகழ்வுக் குறிப்பில் பிழைச் செய்தியை எழுதிவிட்டு விலகுகிறது. துவக்கத்தின்போது ஒருமுறை, உறக்கத்திலிருந்து மீளும்போது சில கணினிகளில் மறுபடியும். அந்த இயக்கியைத் தடைப்பட்டியலில் சேர்த்துவிட்டால் அந்தத் தாமதம் போய்விடும். நான் அப்படித்தான் செய்தேன். வேறு விளைவுகள் கணினிக்குக் கணினி மாறுபடும். சிப்செட்டின் கடிகாரத் துடிப்புகளை அமைப்பதில் எஞ்சினுக்குப் பங்கு இருப்பதால், செயலியின் வேகத்தைக் கூட்டும் அமைப்புகள் சில பலகைகளில் பயனற்றுப் போகின்றன. பழைய மேசைப் பலகைகள் சிலவற்றில் மின்விசிறியின் வேகத்தைக் கட்டுப்படுத்துவதே எஞ்சினின் வேலையாக இருந்தது. அங்கே அதை முடக்குவதற்கு முன் நன்றாக யோசிக்க வேண்டும்.

இரகசியத் திறவுகோல்களைக் காக்கும் டிபிஎம் என்ற பாதுகாப்புப் பாகத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2013-க்குப் பின் வந்த பல இன்டெல் கணினிகளில் தனி டிபிஎம் சில்லு கிடையாது. எஞ்சினுக்குள் இயங்கும் ஃபர்ம்வேரே டிபிஎம்மாகச் செயல்படுகிறது. எஞ்சினை முடக்கினால் அதுவும் போய்விடும். விண்டோஸ் 11 டிபிஎம் 2.0-ஐக் கேட்கிறது, வட்டை விண்டோஸின் குறியாக்க வசதியான பிட்லாக்கரால் பூட்டியிருந்தால் அதன் திறவுகோல் அந்த டிபிஎம்மில்தான் இருக்கும். மீட்புத் திறவுகோலைத் தாளில் எழுதி வைக்காமல் இந்த வேலையில் இறங்குபவர், கணினி துவங்கினாலும் தம் கோப்புகளைத் திறக்க முடியாமல் நிற்பார்.

நீக்குவதைத் தவிர இன்னொரு வழியும் இருக்கிறது. அதன் பின்னணியை அறிந்த நாளில் எனக்குக் கோபம் வந்தது, இன்றும் அது முழுமையாகத் தணியவில்லை. பாசிட்டிவ் டெக்னாலஜிஸ் நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2017 ஆகஸ்டில், ஃபிளாஷ் சில்லின் விவரிப்புப் பகுதியில் ஒரேயொரு பிட்டை ஏற்றினால், அதாவது 0-வை 1 ஆக்கினால், 11-ஆம் பதிப்பு எஞ்சின் வன்பொருளை எழுப்பும் வேலையை முடித்துவிட்டுத் தானே ஒதுங்கிக்கொள்கிறது என்று வெளியிட்டார்கள். அந்தப் பிட்டின் பெயர் எச்ஏபி; ஹை அஷ்யூரன்ஸ் பிளாட்ஃபார்ம் என்பது அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமையோடு தொடர்புடைய ஒரு திட்டம். அமெரிக்க அரசின் அந்தத் திட்டத்தை மதிப்பிட்டுக்கொண்டிருந்த வாடிக்கையாளர்களுக்காக, கணினித் தயாரிப்பாளர்கள் கேட்டுக்கொண்டதன்பேரில் அது சேர்க்கப்பட்டது என்று இன்டெலும் ஒப்புக்கொண்டது. ஆக, இந்த எஞ்சின் தங்கள் கணினிகளில் ஓடக்கூடாது என்று விரும்பியவர்களுக்கு ஒரு விசை தரப்பட்டிருக்கிறது. அதே கணினியை அதே விலை கொடுத்து வாங்கிய பொதுமக்களுக்கு விசை இருக்கும் செய்திகூடச் சொல்லப்படவில்லை. 11-க்கு முந்தைய பதிப்புகளிலும் இதே வேலையைச் செய்யும் ஒரு பிட் விவரிப்புப் பகுதியில் உண்டு. எம்இ கிளீனர் அதையும் ஏற்றித் தரும். 2017-இன் இறுதியில் பியூரிசம், சிஸ்டம்76 ஆகிய நிறுவனங்கள் தங்கள் மடிக்கணினிகளில் எஞ்சினை முடக்கித் தருவதாக அறிவித்தன. விற்பவர் மனம் வைத்தால் செய்யக்கூடியதுதான் என்பதற்கு அதுவே சான்று.

துவக்கத்தைப் பொறுத்தவரை, இந்தப் பிட்டுக்கும் நீக்குதலுக்கும் உள்ள வேறுபாடு பெரியது. தொகுதிகள் நீக்கப்பட்ட எஞ்சின் தடுக்கி விழுந்த நிலையில் இருக்கிறது. பதிவேட்டில் அது முடிவடையாத துவக்கமாகவோ பிழையாகவோ தெரிகிறது. பயாஸ் அது எழுந்துவிடும் என்று காத்திருக்கிறது. பிட் ஏற்றப்பட்ட எஞ்சினோ தான் முடக்கப்பட்டிருப்பதைத் தன் நிலைப் பதிவேட்டில் முறையாகத் தெரிவித்துவிட்டு ஒதுங்குகிறது. பயாஸை எழுதியவர்கள் அந்த நிலையை எதிர்பார்த்து எழுதியிருந்தால், காத்திருக்கக் காரணமே இல்லை.

இருந்தாலும், எந்த வழியில் முடக்கினாலும் எழுப்பும் தொகுதி ஓடித்தான் ஆக வேண்டும் என்பதை மறந்துவிடக் கூடாது. 2017 நவம்பர் 20 அன்று இன்டெல் அறிவித்த வேறொரு குறைபாட்டுத் தொகுப்பு இதை வலுவாக நினைவூட்டியது. அதில் ஒரு குறை, மார்க் எர்மோலோவும் மக்சிம் கோர்யாச்சியும் கண்டறிந்தது, அந்த எழுப்பும் தொகுதியிலேயே இருந்தது. கையொப்பமில்லாத நிரலை எஞ்சினுக்குள் ஓடவிட முடியும் என்பதை அவர்கள் அந்த ஆண்டு டிசம்பரில் பிளாக் ஹேட் ஐரோப்பா மாநாட்டில் விளக்கினார்கள். எச்ஏபி பிட்டை ஏற்றியிருந்தாலும் அந்தக் குறைக்கு அது காப்பாகாது. பிட்டைப் பார்த்து ஒதுங்கும் தருணத்துக்கு முன்பே குறையுள்ள வரிகள் ஓடி முடிந்திருக்கும். சில்லில் மாற்றி எழுதக் கையில் கிளிப்போ அதற்கு நிகரான வழியோ உள்ளவரால்தான் அதைப் பயன்படுத்த முடியும் என்பதால் என்னைப் போன்றவருக்கு அது உடனடி அச்சுறுத்தலன்று. ஆனால் "முடக்கிவிட்டேன்" என்று சொல்லும்போது எதை முடக்கினேன், எதை முடக்க முடியாமல் விட்டேன் என்ற கணக்கை நேர்மையாகச் சொல்ல வேண்டும் அல்லவா?

புதிய கணினிகளில் அந்த எஞ்சிய பகுதி வளர்ந்துகொண்டே போகிறது. 2016-இல் வந்த அப்போலோ லேக் வகைச் செயலிகளில் துவக்க நிரலின் முதல் துண்டை ஃபிளாஷிலிருந்து எடுத்துக் கொடுப்பதே இந்த எஞ்சின்தான். அது இல்லையென்றால் மையச் செயலிக்குப் படிக்க எதுவும் இராது. ஏஎம்டி செயலிகளிலும் நிலைமை வேறன்று. அங்கே பிஎஸ்பி என்று அறியப்படும் ஏஆர்எம் வகைத் துணைச்செயலி இருக்கிறது. ஸென் தலைமுறையில் நினைவகத்தைத் தயார் செய்யும் வேலையையே அது எடுத்துக்கொண்டுவிட்டது, நினைவகம் ஆயத்தமான பிறகுதான் மைய உட்கருக்கள் விழிக்கின்றன. வெட்டி எடுக்கக்கூடிய உறுப்பாக இருந்தது முதுகெலும்பாக மாற்றப்பட்டுவிட்டது. இது தொழில்நுட்பத்தின் தேவையால் நேர்ந்ததா, வடிவமைத்தவர்களின் வசதிக்காகவா என்றால், இரண்டும் கலந்திருக்கிறது என்பதே என் கணிப்பு. ஆனால் அந்த முதுகெலும்பின் மூலநிரலைக் காட்ட மறுப்பதற்குத் தொழில்நுட்பக் காரணம் எதுவும் இல்லை. கோர்பூட்டின் மூலநிரல் திறந்திருந்ததால்தானே என் பத்து விநாடிக்கு விடை கிடைத்தது.

மேசைக் கணினியை என்ன செய்தேன் என்று சொல்லி முடிக்கிறேன். கிளிப்பை மறுபடியும் மாட்டி, முதலில் எடுத்து வைத்திருந்த மூலப் பிரதியிலிருந்து எஞ்சின் பகுதியை முழுமையாகத் திரும்ப எழுதினேன். விவரிப்புப் பகுதியில் முடக்கும் பிட்டை மட்டும் ஏற்றினேன். பொத்தானை அழுத்தியதும் மின்விசிறி ஒரே மூச்சில் சுழன்றது, நான்காவது விநாடியில் சின்னம் வந்தது. நிலையைப் பார்த்தேன், எஞ்சின் முடக்க நிலையில் இருப்பதாகவே பதிவேடு சொன்னது. ஓடாத தொகுதிகள் சில்லில் இன்னும் படுத்துக் கிடக்கின்றன என்பது எனக்கு நெருடலாகத்தான் இருக்கிறது. அதனால் எக்ஸ்230-ஐக் குறுக்கிய நிலையிலேயே வைத்திருக்கிறேன், என் கடிதங்களும் கணக்குகளும் அதில்தான் இருக்கின்றன. மேசைக் கணினியை வீட்டில் மற்றவர்களும் பயன்படுத்துகிறார்கள். திரை கறுப்பாக இருப்பதைப் பார்த்துப் பாதியில் யாராவது மின்னிணைப்பைப் பிடுங்கிவிடுவார்கள் என்ற கவலை இப்போது இல்லை. இரண்டு கணினிகளின் மூலப் பிரதிகளையும் அவற்றின் ஹாஷ் மதிப்புகளோடு இரண்டு தனித்தனி யுஎஸ்பி சேமிப்பான்களில் எடுத்து, ஒன்றை மேசை இழுப்பறையிலும் மற்றொன்றை வேறு வீட்டிலும் வைத்திருக்கிறேன்.